இளம் நடனக் கலைஞர்களுக்கான உதவித்தொகை: கட்டணத்தை மட்டும் ஏற்றால் போதுமா?

கேள்வி: அறக்கட்டளைச் செயலர்

வணக்கம். சிறிய அறக்கட்டளை ஒன்றின் செயலராக இருக்கிறேன். இளமையில் நடனம் கற்க ஆசைப்பட்டு, வீட்டு நிலைமையால் அது கைகூடாமல் போன ஒருவர் தம் இறுதிக் காலத்தில் ஒரு தொகையை எங்களிடம் ஒப்படைத்தார். திறமையுள்ள பிள்ளைகள் பணமில்லாத ஒரே காரணத்தால் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எந்த நிபந்தனையையும் அவர் எழுதிவைக்கவில்லை. அந்த ஒரு வரியை ஒரு திட்டமாக மாற்றும் பொறுப்பு இப்போது எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். ஐவரில் ஒருவருக்குக்கூட நடனம் தெரியாது.

மூலதனத்தைத் தொடாமல் அதிலிருந்து வரும் வட்டியை மட்டும் செலவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். 11 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாள் தேர்வு நடத்தி, அவர்களில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்கான பயிற்சிக் கட்டணத்தை அவரவர் பள்ளிக்கே நேராகச் செலுத்திவிடுவது எங்கள் வரைவுத் திட்டம். அடுத்த ஆண்டும் உதவி வேண்டுமென்றால், வருகைப் பதிவையும் ஆசிரியரின் சான்றையும் இணைத்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பணம் யார் கைக்கும் போகாது, ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு இருக்கும் என்பதால் எங்கள் தணிக்கையாளருக்கு இத்திட்டம் மிகவும் பிடித்துவிட்டது. அவருக்கு இவ்வளவு பிடித்துப்போனதுதான் எனக்குச் சற்றுச் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

நடனத்தைத் தொழிலாகக் கற்றவர்களும் கற்பிப்பவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கட்டணத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டால் ஒரு பிள்ளை தொழில்முறைப் பயிற்சியை முடித்துவிட முடியுமா? இருபது பேருக்கு ஓராண்டு என்பது சரியா, நான்கைந்து பேருக்குப் பல ஆண்டுகள் என்பது சரியா? நடனம் அறியாத நாங்கள் திறமையை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: பாலே ஆசிரியை

வணக்கம் ஐயா. முதல் கேள்விக்கு என் பதில் முடியாது என்பதுதான். நானே உதவித்தொகையில் படித்தவள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாலே பயிலும் ஒரு பெண்ணுக்கு, விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயிண்ட் ஷூ என்ன பாடுபடுத்தும் என்பதை முதலில் பாருங்கள். விரல் நுனியைத் தாங்கும் அதன் கூடு, துணி அடுக்குகளைப் பசை தடவி இறுக்கிச் செய்யப்படுவது. வியர்வையின் ஈரமும் உடலின் எடையும் சேர்ந்து சில வாரங்களில், கடுமையான பயிற்சியென்றால் சில நாட்களிலேயே, அதை இளக வைத்துவிடும். தொழில்முறை மேடையில் ஒரே ஒரு நிகழ்ச்சியில் ஒரு ஜோடி தீர்ந்துபோவதும் உண்டு. என் மாணவி ஒருத்தி, கூடு இளகிய ஷூவுக்குள் கடையில் விற்கும் ஒட்டுப்பசையை ஊற்றி, இரவு முழுவதும் சன்னலோரத்தில் காயவைத்து, மறுநாள் அதையே போட்டுக்கொண்டு வருவாள். ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் அவள் உடல் எடை விரல்களின் மேல் தவறான கோணத்தில் இறங்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அவளுடைய கட்டணத்தை ஒரு புரவலர் முழுதுமாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஷூவுக்கு யாரும் கட்டவில்லை. வளரும் வயதில் பாதமும் மாறிக்கொண்டே இருக்குமாதலால் மொத்தமாக வாங்கிவைக்கவும் வழியில்லை.

இதற்குமேல் தங்கும் செலவு, உணவு, பயணம், தேர்வுகளுக்குச் சென்றுவரும் செலவு, வளாகத்திலேயே பள்ளிக்கல்வி இல்லையென்றால் அதற்கான தனிச்செலவு என்று வரிசையாக இருக்கின்றன. பதினாறு வயதுக்கு மேல், வேலைக்குப் போய் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பிள்ளை போகாமல் இருப்பதால் குடும்பம் இழக்கும் வருமானம் ஒன்று உண்டு; அது எந்தப் பற்றுச்சீட்டிலும் ஏறாது. நான் பார்த்தவரை, நின்றுபோனவர்களில் பெரும்பாலோரை நிறுத்தியது பயிற்சிக் கட்டணம் அன்று, இந்த மற்ற செலவுகள்தாம்.

பழைய நிறுவனங்கள் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டிருந்தன. 1738இல் ரஷ்யப் பேரரசி அன்னாவின் ஆணையால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கிய பள்ளி, அதாவது இன்றைய வகானோவா அகாடமி, அரண்மனைப் பணியாளர்களின் பிள்ளைகளில் பன்னிரண்டு சிறுவரையும் பன்னிரண்டு சிறுமியரையும் எடுத்துக்கொண்டு, அரண்மனையிலேயே இடம் கொடுத்துக் கற்பித்தது. ஆட்சிக்குக் கலைஞர்கள் தேவைப்பட்டார்கள், ஆகவே பிள்ளையின் முழுப் பொறுப்பையும் ஆட்சியே ஏற்றது. அங்கே இரக்கத்துக்கு வேலை இருக்கவில்லை. இருந்தாலும் கணக்கு முழுமையாக இருந்தது.

உங்கள் வரைவில் என்னை உண்மையில் பயமுறுத்துவது, வருகைப் பதிவைப் பார்த்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதிதான். கியூபாவின் கார்லோஸ் அகோஸ்டாவை எண்ணிப் பாருங்கள். ஹவானாவில் லாரி ஓட்டுநர் ஒருவரின் பதினோராவது பிள்ளை. பையன் தெருவில் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும், ஒரு வேளைச் சாப்பாடும் கிடைக்கும் என்று தந்தை அவரைக் கட்டணமில்லாத அரசு பாலே பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பையனுக்கோ பந்து விளையாட்டில்தான் ஆசை. வகுப்புக்கு வராமல் திரிந்ததால் பள்ளியிலிருந்து நீக்கவும்பட்டார். ஆனால் கியூபாவின் ஏற்பாட்டில் இன்னொரு கதவு திறந்திருந்தது. பினார் டெல் ரியோவில் இருந்த உறைவிடப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1990இல், பதினாறு வயதில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடக்கும் இளையோர் பாலே போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் லண்டன் ராயல் பாலேயின் முதன்மைக் கலைஞர், 2020 முதல் பர்மிங்காம் ராயல் பாலேயின் இயக்குநர். உங்கள் விதிப்படி பார்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்று, என் சொந்த வயிற்றெரிச்சல். எனக்கு உதவித்தொகை வழங்கிய அமைப்பு ஒன்று இரண்டாம் தவணையைப் பருவம் முடிந்து ஏழு வாரங்கள் கழித்து அனுப்பியது. அதுவரை விடுதிப் பாக்கிக்காக என் பெயர் அறிவிப்புப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. பணம் வந்ததா என்று கேட்டால் வந்தது என்றுதான் ஆவணம் சொல்லும். எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதற்கு இணையாக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்பதையும் விதியில் எழுதிவையுங்கள்.

பதில்: நல்கைக் கணக்காளர்

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். கலைகளுக்கு வழங்கும் நிதியுதவிகளின், அதாவது நல்கைகளின், கணக்கு வழக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில், வெவ்வேறு திட்டங்கள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டிருக்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் இசை, நடனத் திட்டம் கல்வித் துறையின் நிதியில் நடக்கிறது. ராயல் பாலே பள்ளி, எல்ம்ஹர்ஸ்ட், டிரிங் பார்க் போன்ற பள்ளிகளில் தேர்வாகும் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானத்தை வைத்து உதவி கணக்கிடப்படும். வருமானம் மிகக் குறைவாக இருந்தால் பெற்றோர் எதையும் செலுத்த வேண்டியதில்லை. ஏற ஏற அவர்கள் பங்கும் ஏறும். முதலில் திறமைக்கு இடம், அதன் பிறகே வருமானக் கணக்கு என்ற வரிசை இதில் முக்கியம். பதினாறு வயதைக் கடந்தவர்களுக்கு 1999 முதல் நடன, நாடக விருதுகள் என்று தனித் திட்டம் இருக்கிறது. அது பயிற்சிக் கட்டணத்தோடு, வருமானம் குறைந்தவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கும் உதவுகிறது.

இந்தியாவில் மத்திய அரசின் கலாச்சார அமைச்சகத்தின் கீழுள்ள சிசிஆர்டி என்ற பண்பாட்டு வள, பயிற்சி மையம், 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு 3,600 ரூபாயும், பயிற்சிக் கட்டணத்தில் 9,000 ரூபாய் வரையும் வழங்கும் திட்டத்தை நடத்திவருகிறது. தொகை சிறியது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இரண்டிரண்டு ஆண்டுகளாகப் புதுப்பித்து இருபது வயது வரைக்கும் நீட்டிக்க இடமிருக்கிறது. நான் மதிப்பது அந்த நீட்சியைத்தான். 18 முதல் 25 வயதுடைய இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு வழங்கும் திட்டம் வேறொன்று. அது கலைஞரின் செலவுக்கென்றே வருவது. நான்கு அரையாண்டுத் தவணைகளில் கொடுப்பார்கள்.

தனியார் அறக்கட்டளையான உங்களுக்குப் பாடமாக அமையக்கூடியது, 1963இல் ஃபோர்டு அறக்கட்டளை அமெரிக்க பாலேவுக்கு அறிவித்த ஏறத்தாழ 77 லட்சம் டாலர் நல்கை. அக்காலத்தில் நடனத்துக்கு அத்தனை பெரிய தொகை அங்கே யாரும் கொடுத்ததில்லை. பத்தாண்டுக் கணக்கில் திட்டமிட்டு, நாட்டின் பல பகுதிகளிலுள்ள சிறு பள்ளிகளுக்கு ஆட்களை அனுப்பிப் பிள்ளைகளைக் கண்டெடுத்து, முதலில் உள்ளூரிலேயே பயில உதவி, தேறியவர்களை நியூயார்க்குக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார்கள். அந்த நல்கைக்கு முன்பே ஃபோர்டு உதவித்தொகையில் 1960இல் சின்சினாட்டியிலிருந்து வந்த பெண்தான் பின்னாளில் பேர்பெற்ற பாலே கலைஞர் சூசன் ஃபாரெல். ஆனால் தொகையின் பெரும்பகுதி நியூயார்க்கின் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனின் பள்ளிக்கும் குழுவுக்குமே போனதால் மற்ற பாணியினர் கொதித்தெழுந்தார்கள். நவீன நடனக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. யாருடைய கண்ணைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறோமோ, அவருடைய ரசனைக்கே நம் பணமெல்லாம் போய்ச்சேரும். உங்கள் குழுவில் நடனம் அறிந்தவர் இல்லை என்று வருந்துகிறீர்கள். ஒரே ஒருவர் மட்டும் இருந்தால் அதைவிட ஆபத்து.

ஆகவே என் கருத்து இது. இருபது பேருக்கு ஓராண்டு என்பதைக் கைவிட்டு, ஆண்டுக்கு ஒருவரையோ இருவரையோ சேர்த்து, சேர்த்தவரைப் பயிற்சி முடியும்வரை விடாமல் தாங்குங்கள். புதியவரைச் சேர்க்கும் நாளிலேயே அவருடைய எஞ்சிய ஆண்டுகள் அனைத்துக்குமான தொகையையும் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். வட்டி குறையும் ஆண்டில் புதிய சேர்க்கையை நிறுத்தலாம். உள்ளே இருக்கும் பிள்ளையின் பணத்தில் கை வைக்கக் கூடாது.

பதில்: வார இறுதி வகுப்பாளர்

மேலே இருவரும் எழுதியதில் பெரும்பகுதி உண்மை. ஆனாலும் முழுதாக ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. பதினோரு வயதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து எட்டு ஆண்டுகளுக்குத் தாங்குவது என்றால், அந்தப் பதினோரு வயதில் எங்கள் வாசலுக்கே வராத பிள்ளைகளின் கதி என்ன?

அமெரிக்க பாலே கலைஞர் மிஸ்டி கோப்லாண்ட் பாலேயைத் தொட்டதே பதின்மூன்று வயதில்தான். சிறுவர் மன்றம் ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த இலவச வகுப்பில், எல்லாரோடும் ஒருவராக நின்றவர். குடும்பம் அப்போது ஒரு மோட்டல் அறையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தது. வகுப்பெடுத்த ஆசிரியை அவரைத் தம் பள்ளிக்கும், சிறிது காலம் தம் வீட்டுக்குமே அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மைக் கலைஞராக உயர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். அந்த இலவச வகுப்புக்கு ஆகியிருக்கக்கூடிய செலவோடு, உறைவிடப் பள்ளியில் ஒருவருக்கு ஓராண்டுக்கு ஆகும் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்திலும், மேலே சொன்ன கல்வித் துறை நிதியிலிருந்தே, உயர்நிலைப் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் வார இறுதி வகுப்புகள் நடக்கின்றன. பிள்ளை வீட்டிலேயே இருக்கும், வழக்கமான பள்ளிக்கே போகும், சனி ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் தீவிரப் பயிற்சி பெறும். பாலே மட்டுமல்லாமல் தற்கால நடனமும் தெற்காசிய நடனமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அம்மையங்களிலிருந்து விலகிய பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. காயமும் ஆசிரியரின் கடுமையும்தான் முன்னால் நிற்கும் என்றே நான் எதிர்பார்த்தேன். வந்த விடைகள் வேறு. பள்ளிப் படிப்பும் பிற வேலைகளும் நேரத்துக்குப் போட்டியிட்டன, ஆசை வேறு பக்கம் திரும்பியது, பாடம் எதிர்பார்த்தபடி இல்லை, உடன் பயில்பவர்களோடு ஒட்ட முடியவில்லை என்பவையே முன்னால் நின்றன. தோழமை இல்லாமல் ஒரு பிள்ளை விலகுமானால் அதை எந்த உதவித்தொகையாலும் ஈடுகட்ட முடியாது. நான் கற்பிக்கும் இடத்தில், வெகுதொலைவிலிருந்து தனியாக வரும் பிள்ளையை ஒருநாளும் தனியாகச் சேர்ப்பதில்லை. அதே திசையிலிருந்து இன்னொருவரும் கிடைக்கும்வரை முடிந்தமட்டும் காத்திருப்போம்.

ஆகவே வட்டியில் ஒரு பங்கையாவது, மூன்றில் ஒன்று என்றாலும் சரி, இப்படிப்பட்ட திறந்த வகுப்புகளுக்கும் அவற்றுக்கு வந்துபோகும் பயணச் செலவுக்கும் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எஞ்சியதை அந்த வகுப்புகளில் கண்டெடுக்கும் பிள்ளைகளுக்கு நீண்டகால உதவியாகக் கொடுங்கள்.

பதில்: இயன்முறை மருத்துவர்

நான் நடனக் கலைஞன் அல்லன். காயம்பட்ட நடனக் கலைஞர்களைப் பார்ப்பவன். செயலர் குறிப்பிடும் 11 முதல் 18 வரை என்பது எலும்பு வேகமாக நீளும் காலம். எலும்பு முந்திக்கொள்ளும், தசைகள் பின்னால் இழுபடும்; போன மாதம் எளிதாக உயர்ந்த கால் இந்த மாதம் உயராது, சமநிலை தவறும், சுழற்சி கலையும். பெண் பிள்ளைகளுக்கு இது முன்னதாகவும் ஆண் பிள்ளைகளுக்கு ஓரிரண்டு ஆண்டுகள் பின்னதாகவும் வரும். அந்த நேரம் பார்த்து ஆண்டுத் தேர்வு வைத்தால் "முன்னேற்றம் இல்லை" என்றுதான் சான்று வரும். பிள்ளையோ உதவித்தொகை போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைத்து ஆடும். பாதத்தின் நீளெலும்பில் விழும் நுண்விரிசல் பெரும்பாலும் ஓய்வில் ஆறிவிடக்கூடியது. அதையே மறைத்து ஆடி, ஓராண்டு மேடையிழந்து என்னிடம் வந்தவர்கள் பலர். தோற்றத்துக்காகச் சாப்பாட்டைக் குறைத்து எலும்பையும் மாதவிலக்கையும் கெடுத்துக்கொள்வதும் இதே வயதில்தான் தொடங்குகிறது.

எனவே காயத்தாலோ வளர்ச்சியாலோ பயிற்சி நின்றால் உதவி நிற்காது, அந்தக் காலம் கணக்கில் சேராது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். மருத்துவச் செலவையும் பயிற்சிச் செலவாகவே கருதுங்கள். இது புதுமையான கருத்தும் அன்று. கதகளிப் பயிற்சியில், மழைக்காலத்தில் மாணவனின் உடலில் எண்ணெய் தடவி ஆசான் காலால் மிதித்து உழிச்சல் செய்வது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அதற்கு யாரும் தனியாக மருத்துவக் கணக்கு எழுதுவதில்லை.

செயலர்

அனைவருக்கும் மிக்க நன்றி. இப்பதில்களை அச்செடுத்துக் குழுவினரிடம் கொடுத்தேன். தணிக்கையாளர் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. பிறகு, ஷூவுக்கும் பற்றுச்சீட்டு உண்டல்லவா என்று அவரே கேட்டார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, தேர்வு முறை. இரண்டாவது, உதவி பெற்றவர் பாதியில் விலகினால் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று பெற்றோரிடம் ஒப்பந்தம் வாங்க வேண்டும் என ஓர் உறுப்பினர் வற்புறுத்துகிறார். பொதுப்பணம் அல்லவா, பொறுப்பு வேண்டாமா என்கிறார்.

பதில்: பாலே ஆசிரியை

ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம். பணமுள்ள பெற்றோர் அதில் யோசிக்காமல் கையெழுத்திடுவார்கள். பணமில்லாதவர்கள் கடன் பத்திரம் என்று எண்ணிப் பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். உங்கள் அறக்கட்டளை யாருக்காகத் தோன்றியதோ அவர்களையே வடிகட்டி வெளியேற்றும் சல்லடை அது.

தேர்வைப் பொறுத்தவரை, ஒரு நாள் போதாது. லோசானில் 1973 முதல் நடந்துவரும் போட்டியைப் பாருங்கள். 15 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் ஒரு வாரம் நடுவர்களின் கண்முன்னே வகுப்புகளில் பயில்கிறார்கள். மேடையில் ஆடும் தனி ஆட்டத்துக்கு மட்டுமல்லாமல் அந்த வகுப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு. பரிசாகக் கிடைப்பது, ஏதேனும் ஒரு பங்காளிப் பள்ளியிலோ குழுவிலோ ஓராண்டு பயிலும் வாய்ப்பும் வாழ்க்கைச் செலவுக்கான உதவியும். இறுதிச் சுற்றுக்கு வராதவர்களையும் பள்ளிகளின் இயக்குநர்கள் பார்த்துத் தம்மிடம் அழைத்துக்கொள்ள அங்கே ஏற்பாடு இருக்கிறது. இருந்தாலும் அது ஏற்கெனவே பல ஆண்டுகள் பயின்றவர்களின் போட்டி. உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய கட்டம்.

ஒரு தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். மார்பில் எண் குத்திய பதினான்கு பிள்ளைகள் நின்றார்கள். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு அடவுக்கோவை கொடுத்தேன். ஆறு ஆண்டுகள் தனி வகுப்பில் பயின்ற ஒரு சிறுமி முதல் முறையிலேயே பிசகில்லாமல் ஆடினாள். கோடியில் நின்ற இன்னொருத்தி முன்னால் இருப்பவரைப் பார்த்து அரை எண்ணிக்கை பின்தங்கியே ஆடினாள்; கை எங்கே போகிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இருவருக்கும் ஒரே திருத்தத்தைச் சொன்னேன்: தோளை இறக்கு, மூச்சை ஐந்தாம் எண்ணிக்கையில் விடு. முதல் சிறுமி தலையாட்டிவிட்டு முன்போலவே ஆடினாள். இரண்டாமவள் மூன்றாவது முறையில் தோளை இறக்கினாள், நான்காவது முறையில் மூச்சும் சரியாக வந்தது, ஐந்தாவது முறையில் இசை அவள் உடம்புக்குள் இறங்கியதை அறையிலிருந்த அனைவரும் பார்த்தோம். மதிப்பெண் தாளிலோ முதல் ஆட்டத்துக்குத்தான் கட்டம் இருந்தது. பிறகு நான் கையால் இன்னொரு கட்டம் வரைந்துகொண்டேன்.

ஆகவே மூன்று, நான்கு நாள் வகுப்பாக நடத்துங்கள். வெவ்வேறு பாணிகளைச் சேர்ந்த மூன்று ஆசிரியர்களாவது பார்க்கட்டும். அவர்களுடைய சொந்த மாணவர்கள் வந்தால் விலகியிருக்கட்டும். பயணம், தங்குமிடம் இரண்டையும் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் முன்னதாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். வரப் பணமில்லாமல் வராதவரை உங்கள் நடுவர்கள் எத்தனை நாள் தேர்வு வைத்தாலும் பார்க்கப்போவதில்லை.

பதில்: சலங்கை

இதுவரை எல்லாரும் பள்ளி என்ற ஒன்று இருப்பதாக வைத்தே பேசியிருக்கிறீர்கள். பரதநாட்டியம், கதக், குச்சிப்புடி போன்றவற்றில் பெரும்பாலோர் இன்றும் ஒரு குருவிடம்தான் கற்கிறார்கள். அங்கே பதிவெண் இருக்காது, அச்சிட்ட கட்டணச் சீட்டு இருக்காது, பாடத்திட்டம் குருவின் மனத்தில் இருக்கும். பள்ளிக்கே நேராகச் செலுத்துவது என்ற விதி இவர்கள் அனைவரையும் வெளியே நிறுத்திவிடும். இவர்களுக்குப் பெருஞ்செலவு நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம் எனப் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கு ஆவது. பதிவுசெய்த இசைக்கே ஆடிப் பழகியவர் முதன்முதலாக நேரில் வாசிக்கப்படும் மிருதங்கத்தின் முன் நிற்கும்போது தடுமாறுவதைப் பார்த்தால்தான் அது ஏன் ஆடம்பரமன்று என்பது விளங்கும். மாதத்தில் சில மணி நேரம் வாத்தியக்காரர்களோடு பயில உதவினாலே பெரிய காரியம்.

பணம் திரட்டுவதைப் பற்றி ஒரு கொசுறுச் செய்தி. 1930இல் கேரள கலாமண்டலத்தைத் தோற்றுவித்த கவிஞர் வள்ளத்தோள் அதற்கான நிதியில் ஒரு பகுதியைக் குலுக்கல் சீட்டு நடத்தித்தான் சேர்த்தார். உங்கள் தணிக்கையாளரிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம்.

செயலர்

நேற்றுக் கூடிய குழு வரைவைத் திருத்தியிருக்கிறது. இருபது பேருக்கு ஓராண்டு என்பது போய்விட்டது. வட்டியில் மூன்றில் ஒரு பங்கு இலவச வகுப்புகளுக்கும் பயணத்துக்கும் போகும். எஞ்சியதில் முதல் ஆண்டு இருவரைச் சேர்த்து, பயிற்சி முடியும்வரையிலான தொகையை அன்றே தனிக்கணக்கில் ஒதுக்குவோம். கட்டணம் பள்ளிக்கோ குருவுக்கோ போகும். விடுதி, காலணி, மருத்துவம், பக்கவாத்தியம் ஆகியவற்றுக்கான தொகை பருவம் தொடங்குவதற்குப் பதினைந்து நாட்கள் முன்பே குடும்பத்தின் கையில் இருக்கும். காயக் காலம் கணக்கில் சேராது. திருப்பித் தரும் ஒப்பந்தம் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் கைவிடப்பட்டது. வற்புறுத்திய உறுப்பினர் தம் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதியச் சொன்னார், பதிந்துவிட்டோம்.

தேர்வு நான்கு நாட்கள். பாலே ஆசிரியை அவர்கள் கையால் வரைந்த அந்தக் கட்டத்தை எங்கள் மதிப்பெண் தாளிலும் சேர்க்க விரும்புகிறேன். அதற்கு எத்தனை மதிப்பெண் வைக்கலாம் என்பதை மட்டும் சொன்னால், தாளை அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.

பதில்: பாலே ஆசிரியை

பாதிக்குக் குறையாமல் வையுங்கள். கட்டத்தைச் சற்றுப் பெரிதாகவே அச்சிடுங்கள் ஐயா. நடுவர்கள் அதில் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், என்ன திருத்தம் சொன்னார்கள், எத்தனையாவது முறையில் அது உடம்பில் வந்தது என்று இரண்டு வரி எழுத இடம் வேண்டும்.